பச்சை மீனுக்கா இவ்வளவு பணம்?

அம்மாவை டோக்கியோவின் கின்சா பகுதியில் ஒரு சுஷி (புளிப்புச் சோற்றின் மேல் மீன் வைத்த ஜப்பானிய உணவு) கடைக்குக் கூட்டிப் போனேன் என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன். மாமாவிடமிருந்து உடனே பதில்: "பச்சை மீனுக்கா ஆளுக்கு 7,000 ரூபாய்?" மதியச் சாப்பாடு, ஆளுக்கு 12,000 யென். அவர் போட்ட கணக்கு ஏறக்குறைய சரிதான். ஆனால் 'பச்சை மீன்' என்ற சொல்லோடு எனக்குச் சண்டை இருக்கிறது. டோக்கியோவுக்கு வரும் நண்பர்களும் இதையேதான் கேட்கிறார்கள். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

அம்மா தூத்துக்குடிக்காரர். செவுளைத் தூக்கிப் பார்க்காமல் மீன் வாங்க மாட்டார். மகன் ஜப்பானில் இருக்கிறானே என்பதற்காக வேகாத மீனை வாயில் வைக்கிற ஆளும் இல்லை. முன்பதிவு செய்யும்போதே இதைச் சொன்னேன். முதலில் கேட்ட கடை, "அப்படியென்றால் எங்களால் உங்களுக்கு நல்ல சாப்பாடு தர முடியாது" என்று பணிவாக மறுத்துவிட்டது. எனக்கு அதில் வருத்தமே இல்லை. முடியாததை முடியாது என்று முன்கூட்டியே சொல்வது நேர்மை. இரண்டாவது கடை, வேகவைத்ததும் உப்பில் ஊறியதுமாகக் கூட்டித் தருகிறோம், வாருங்கள் என்றது.

எட்டுப் பேர் உட்காரும் கடை. ஹினோக்கி மரத்தில் நீளமாக ஒரே ஒரு பலகை, அதற்குப் பின்னால் தைஷோ. சுஷி சமைப்பவரை வாடிக்கையாளர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். மெனு கார்டு கிடையாது. ஓமகசே, அதாவது 'உங்களிடமே விட்டுவிட்டேன்'. அன்று சந்தையில் எது நன்றாக இருந்ததோ அதை அவர் கொடுப்பார், நாம் சாப்பிட வேண்டும்.

முதலில் வந்தது சவான்முஷி. முட்டையை தாஷி என்ற சாற்றில் கலந்து, சிறு கிண்ணத்தில் ஆவியில் வேகவைப்பது. அம்மா ஒரு கரண்டி வாயில் வைத்தார், நிறுத்தினார், என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஏல, இது நம்ம மாசிக் கருவாடுல்லா!"

ஆறு வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன். எத்தனையோ முறை தாஷி குடித்திருக்கிறேன். எனக்கு ஒருமுறைகூடத் தோன்றவில்லை. தாஷிக்கு உயிரே இரண்டு பொருள்தான். ஒன்று கொம்பு என்ற கடற்பாசி. இன்னொன்று கட்சுவோபுஷி: சூரையை வேகவைத்து, புகை போட்டு, கட்டை போல ஆகும் வரை காயவைத்தது. மாலத்தீவிலும் லட்சத்தீவிலும் செய்கிற மாசிக் கருவாடும் அதே சூரைதான், அதே வேகவைத்தல், அதே புகை, அதே காயவைத்தல். இங்கே அதைச் சீவிச் சாறெடுக்கிறார்கள், எங்கள் வீட்டில் இடித்துச் சம்பல் செய்வோம். நான் தைஷோவிடம் விஷயத்தைச் சொன்னதும் உள்ளே போய் ஒரு கட்டையை எடுத்து வந்து அம்மாவின் கையில் கொடுத்தார். அம்மா அதை முகர்ந்து, நகத்தால் தட்டிப் பார்த்து, "நல்லா காஞ்சிருக்கு" என்றார். நான் மொழிபெயர்த்தேன். அவர் தலை வணங்கினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கொம்புவின் ருசி எதனால் வருகிறது என்று ஆராய்ந்துதான் இகேதா கிகுனாயே 1908-ல் குளூட்டமேட் என்ற பொருளைப் பிரித்தெடுத்து, அந்தச் சுவைக்கு உமாமி என்று பெயர் வைத்தார். கட்சுவோபுஷியில் ருசி தரும் இனோசினேட் என்ற பொருளை 1913-ல் அவருடைய மாணவர் கொதாமா கண்டுபிடித்தார். இரண்டும் சேரும்போது ருசி பல மடங்கு ஏறுகிறது. அந்தக் கிண்ணத்துக்குள் இருப்பது அவ்வளவு வேலை.

அப்புறம் சுஷி. இந்தச் சொல்லுக்கு மீன் என்று பொருளே இல்லை, புளிப்பிலிருந்து வந்த சொல். தொடக்கத்தில் மீனை உப்பும் சோறும் போட்டு மாதக்கணக்கில் புளிக்கவைத்து, சோற்றை எறிந்துவிட்டு மீனை மட்டும் தின்றார்கள். இன்று நாம் பார்க்கும் கையால் பிடித்த சுஷி 1820களில் எடோ நகரத்தில் (இன்றைய டோக்கியோ), தெருவோரத் தள்ளுவண்டிகளில் பரவியது. நின்றபடி இரண்டைத் தின்றுவிட்டு வேலைக்குப் போகிறவர்களின் சாப்பாடு அது. சோற்றுக்கு ஊற்றிய சிவப்பு வினிகர், சாக்கே என்ற அரிசி மதுவை வடித்த பிறகு மிஞ்சும் கசடிலிருந்து எடுத்தது. 1804-ல் ஹாண்டா ஊரில் நாகானோ மாதாசாயெமோன் என்பவர் அதைத் தொழிலாகத் தொடங்கினார். மலிவான சரக்கு என்பதால்தான் தெருக்கடைக்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள்.

நாங்கள் போன கடையிலும் அந்தச் சிவப்பு வினிகர்தான். சோறு லேசான பழுப்பு நிறம். அம்மா முதல் சுஷியைக் கையால் எடுத்தார் (கையால் சாப்பிடலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்). மென்றுவிட்டுச் சொன்னது மீனைப் பற்றி அல்ல: "சோறு வெதுவெதுன்னு இருக்கு. ஒட்டிக்கிட்டும் இருக்கு, வாய்ல போட்டா உதிரவும் செய்யுது." சோறாக்கி நாற்பது வருடம் ஆன ஒருவருக்குத்தான் இது முதலில் தெரியும். சோறு உடம்புச் சூட்டில் இருக்க வேண்டும் என்பதற்காக, தைஷோ அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் உள்ளிருந்து வரவழைக்கிறார். கையில் பிடிக்கும்போது அழுத்தம் கூடினால் கொழுக்கட்டை, குறைந்தால் விரலிலேயே உடைந்துவிடும்.

இப்போது மாமாவின் 'பச்சை மீன்'. அம்மா சாப்பிட்டவற்றைச் சொல்கிறேன். வேகவைத்த இறால். இனிப்பும் உப்புமான சாற்றில் மெதுவாக வெந்த அனாகோ, அதாவது கடல் விலாங்கு. கடைசியில் தமாகோ, முட்டை. நடுவில் கோஹாதா. இது மத்திக்குச் சொந்தக்கார மீன், சின்னது, முள் அதிகம், விலையும் பெரிதில்லை. இதைப் பிளந்து, உப்புப் போட்டு, கழுவி, வினிகரில் ஊறவைக்கிறார்கள். எத்தனை நிமிடம் உப்பு, எத்தனை நிமிடம் வினிகர் என்பது மீனின் அளவையும் கொழுப்பையும் அன்றைய வெயிலையும் பொறுத்து மாறும். ஒரு கடையின் கை எப்படி என்று பார்க்க, விவரம் தெரிந்தவர்கள் கோஹாதாவைத்தான் பார்ப்பார்கள். கருவாட்டுக்கு உப்புப் போடத் தெரிந்த ஊர்க்காரருக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. அம்மா இன்னொன்று கேட்டு வாங்கினார்.

விலை அதிகமான கடை எல்லாமே நல்ல கடை என்று நான் சொல்லவே இல்லை. போன வருடம் அலுவலக விருந்துக்கு இந்த நகரத்திலேயே இன்னொரு பெரிய இடத்துக்குப் போனோம். ஆளுக்கு 30,000 யென். மீன் மேல் தங்கத் தாள், அதற்கு மேல் மீன் முட்டை, படம் எடுக்கத் தனி விளக்கு. சோறு மட்டும் ஆறிப்போய்க் கட்டியாக இருந்தது. அந்தப் பணத்துக்கு இன்றுவரை மனம் ஆறவில்லை. என் கருத்து இதுதான்: சோற்றில் கவனம் இல்லாத சுஷி கடை எவ்வளவு வாங்கினாலும் கொள்ளை. சோற்றில் கவனம் இருக்கும் கடைக்கு 12,000 யென் நியாயமான கூலி. அதையும் மதியத்தில் போய்ச் சாப்பிடுங்கள். பல கடைகளில் இரவு விலை மதியத்தைப் போல இரண்டு மடங்கு, அதற்கு மேலும்கூட.

சென்ட் பூசிக்கொண்டு போகாதீர்கள், பக்கத்தில் இருப்பவருக்கும் சேர்த்து மீனின் மணம் கெடும். பலகையில் வைத்த சுஷியை உடனே சாப்பிடுங்கள். படம் எடுத்து முடிப்பதற்குள் சோறு ஆறிவிடும்.

அன்று எட்டு இருக்கையில் இரண்டு காலியாகவே இருந்தன. முன்பதிவு செய்தவர்கள் வரவில்லை, தகவலும் இல்லை. தைஷோ பத்து நிமிடம் காத்திருந்து, எங்கள் ஆறு பேரிடமும் மன்னிப்புக் கேட்டுவிட்டுத் தொடங்கினார். அந்த இரண்டு பேருக்கான மீன் காலையிலேயே உப்புக் கண்டிருந்தது, சோறு வெந்திருந்தது. கடைசிவரை அந்த இரண்டு ஜோடிக் குச்சிகளையும் அவர் எடுக்கவில்லை. வர முடியாவிட்டால் தயவுசெய்து முந்தின நாளே ஒரு போன் செய்து சொல்லிவிடுங்கள்.