அந்த 118 நாடுகள்

செயற்கை நுண்ணறிவுக்கு உலகப் பொது விதிகள் வேண்டும் என்று யாராவது பேச ஆரம்பித்தால் எனக்கு 118 என்ற எண்தான் நினைவுக்கு வருகிறது. ஐ.நா. பொதுச்செயலர் அமைத்த ஆலோசனைக் குழு 2024 செப்டம்பரில் ஓர் அறிக்கை தந்தது. செயற்கை நுண்ணறிவை நெறிப்படுத்த ஐ.நா.வுக்கு வெளியே நடக்கும் ஏழு முக்கிய முயற்சிகளை அதில் ஆராய்ந்திருந்தார்கள். ஏழிலும் பங்கேற்றவை ஏழே நாடுகள். ஒன்றில்கூட இல்லாதவை 118. பெரும்பாலும் வளரும் நாடுகள்.

அவர்களுக்கு அக்கறை இல்லை என்று சொல்பவர்களை என்னால் ஏற்க முடியவில்லை. ஓர் ஒப்பந்தத்தைப் பேசி முடிக்க வருடக்கணக்கில் வல்லுநர்களை அனுப்ப வேண்டும், வரைவை வரிவரியாகப் படிக்க ஆள் வேண்டும். கல்விக்கோ மருத்துவத்துக்கோ செலவிடுவதைவிடக் கடன் வட்டிக்கு அதிகம் கட்டும் நாடுகளில் 300 கோடிக்கும் மேற்பட்டோர் வாழ்கிறார்கள். இது ஐ.நா.வின் வர்த்தக, வளர்ச்சி அமைப்பு சொல்லும் கணக்கு. ஆசிரியர் சம்பளத்துக்கே திண்டாடும் அரசு, வல்லுநர் குழுவை எங்கிருந்து அனுப்பும்?

சரி, எல்லா நாடுகளையும் ஒரே மேசைக்குக் கொண்டுவருவது நடக்கவே நடக்காத காரியமா? ஓசோன் படலத்தைக் காக்க 1987-ல் மாண்ட்ரியல் உடன்படிக்கை வந்தபோதும் இதே சிக்கல்தான். குளிர்பதனப் பெட்டியில் இருந்த வாயு ஓசோனை அரித்தது; அதற்கு மாற்று வாயு வேண்டுமென்றால் அந்தத் தொழில்நுட்பத்துக்கு யார் பணம் தருவது என்ற கேள்வி எழுந்தது. இந்தியாவும் சீனாவும் சேராமல் நின்றன. 1990-ல் லண்டனில் தனி நிதியம் ஒன்றுக்கு ஒப்புக்கொண்டார்கள். அதன் செயற்குழுவில் 14 இடங்கள். வளர்ந்த நாடுகளுக்கு ஏழு, வளரும் நாடுகளுக்கு ஏழு. 1991-ல் சீனா சேர்ந்தது, 1992-ல் இந்தியா. பிறகு உலக நாடுகள் அனைத்துமே சேர்ந்துவிட்டன. அறிவுரையால் வந்த கூட்டம் இல்லை இது. பணமும் சமமான வாக்கும் கொடுத்ததால் வந்தார்கள் என்றே நான் நம்புகிறேன்.

2025 பிப்ரவரியில் பாரிஸில் நடந்த செயற்கை நுண்ணறிவு மாநாட்டின் பிரகடனத்தில் அமெரிக்காவும் பிரிட்டனும் கையெழுத்திடவில்லை. அப்போது எனக்குப் பெரும் சோர்வு. அதே ஆண்டு ஆகஸ்டில் 40 பேர் கொண்ட அறிவியல் குழுவையும், எல்லா நாடுகளும் கலந்துகொள்ளும் உலகளாவிய உரையாடலையும் ஐ.நா. பொதுச்சபை உருவாக்கியது. மனதார வரவேற்கிறேன். ஆனால் கதவைத் திறந்து வைத்தால் மட்டும் போதாது, வந்து சேர வழிச்செலவும் வேண்டும். விருப்பப்பட்டவர்கள் கொடுக்கட்டும் என்று விடாமல், ஓசோன் நிதியத்தைப் போலவே பணக்கார நாடுகளுக்கு இவ்வளவு பங்கு என்று கணக்கிட்டு வாங்க வேண்டும். அந்தப் பணத்தை எப்படிச் செலவழிப்பது என்று முடிவெடுக்கும் இடங்களில் பாதி, இன்று வெளியே நிற்கும் 118 நாடுகளுக்கு வேண்டும்.