கல்லூரித் தாளாளர் வாக்குக் கேட்டு வரும்போது

சட்டமன்றத் தேர்தல் வரும்போதெல்லாம் "கல்வியாளர், தொழிலதிபர்" என்ற அடைமொழியோடு யாராவது ஒருவர் எங்கள் கொங்குப் பகுதியில் வேட்பாளராக நிற்கிறார். அவர் நிற்கக் கூடாது என்பது என் கருத்தன்று. பேருந்துத் தொழிலில் வளர்ந்த குடும்பத்திலிருந்து வந்த நா. மகாலிங்கம், 1952 முதல் 1967 வரை பொள்ளாச்சியின் சட்டமன்ற உறுப்பினராக இருந்து, பரம்பிக்குளம் – ஆழியாறு திட்டத்துக்காக வாதாடியவர். தந்தையார் நாச்சிமுத்துக் கவுண்டர் பெயரிலான பாலிடெக்னிக் 1957இல் தொடங்கப்பட்டது, அவர் உறுப்பினராக இருந்த காலத்தில்தான். 1984இல் குமரகுரு கல்லூரியைத் தொடங்கியபோதோ, அவர் சட்டமன்றத்தை விட்டு 17 ஆண்டுகள் ஆகியிருந்தன.

அந்தக் காலகட்டத்தில்தான் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் தமிழ்நாட்டில் பெருகத் தொடங்கின. இன்று அத்தகைய கல்லூரிக்குக் கட்டணத்தை வரையறுப்பது அரசு அமைத்த குழு. இடங்களில் பெரும்பகுதியை நிரப்புவது அரசின் கலந்தாய்வு. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில் சேரும் பிள்ளைகளின் கட்டணத்தைச் செலுத்துவதும் அரசே. ஆகவே, கல்லூரி நடத்தும் ஒருவர் சட்டமன்றத்துக்குப் போனால், தம் நிறுவனத்தின் வரவைத் தீர்மானிக்கும் விவாதத்திலேயே அவரும் அமர்வார்.

வேட்புமனுவோடு தரும் படிவம் 26இல் அவருடைய நிலம், நகை, வங்கி இருப்பு, கடன், வழக்குகள் எல்லாம் இருக்கும். ஆனால் கல்லூரி பெரும்பாலும் ஓர் அறக்கட்டளையின் பெயரில் இருப்பதாலும், அறக்கட்டளைச் சொத்து தனிமனிதரின் சொத்தாகாது என்பதாலும், ஊரே அவருடையது என்று சொல்லும் வளாகம் அவருடைய சொத்துப் பட்டியலில் வராது. சட்டப்படி அது சரிதான். என்றாலும் அறங்காவலர்கள் யார், அவர்களில் எத்தனை பேர் ஒரே குடும்பம் என்பதை வாக்காளர் அறிய வேண்டாமா? மாநிலங்களவை உறுப்பினர்கள் தங்கள் பொருளாதார நலன்களைப் பதிவேட்டில் அறிவிக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. சட்டமன்ற வேட்பாளரிடம் அதே தெளிவை வாக்குப்பதிவுக்கு முன்பே கேட்கிறேன்.

இதை நான் வெளியிலிருந்து சொல்லவில்லை. பல ஆண்டுகளுக்கு முன், நான் விரிவுரையாளராக வேலை பார்த்த ஒரு கல்லூரியின் தாளாளர் தேர்தலில் நின்றார். எங்களுக்கு 3 மாதச் சம்பளம் பாக்கி. எங்கள் மூலச் சான்றிதழ்கள் அலுவலகப் பீரோவில் இருந்தன. ஒரு திங்கட்கிழமை துறைத்தலைவர் ஆளுக்கொரு தாளைக் கொடுத்தார். அதில் தெருப் பெயர்களும் வீட்டு எண்களும் இருந்தன. மாலை வகுப்பு முடிந்ததும் கல்லூரிப் பேருந்தின் பெயர்ப் பலகைமேல் துணியைக் கட்டி, எங்களை அந்தத் தெருக்களில் இறக்கி விட்டார்கள். ஒரு வீட்டில், என்னிடம் படித்த மாணவியின் அம்மா, "மேடம், நீங்களே சொல்றீங்க, சார் நல்லவருங்களா?" என்று கேட்டார். சான்றிதழ் நினைவுக்கு வந்தது. "ஆமாங்க" என்றேன். அந்த ஒரு சொல்லுக்காக இன்றும் வருந்துகிறேன்.

பாடம் நடத்தி, விடைத்தாள் திருத்தி, பிள்ளைகளோடு வளர்ந்தவரைத்தான் நான் கல்வியாளர் என்பேன். நிறுவனத்தைக் கட்டி எழுப்புவதும் மதிப்புள்ள உழைப்பே. அதை நிர்வாகம் என்றே சொல்லலாம். இந்த முறை அப்படி ஒருவர் எங்கள் தெருவுக்கு வந்தால் 3 கேள்விகள் வைத்திருக்கிறேன்: உங்கள் ஆசிரியர்களுக்குப் போன மாதச் சம்பளம் எந்தத் தேதியில் போனது? அவர்களின் சான்றிதழ்கள் யாரிடம் இருக்கின்றன? உங்களோடு துண்டறிக்கை கொடுக்கும் இந்தப் பிள்ளைகளுக்கு இன்று வகுப்பு உண்டா?