நல்லூர்க் கொடியும் என் சீனியும்

நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் கொடியேறினால் எங்கள் வீட்டு மச்சச் சட்டி பரணுக்குப் போய்விடும். 25 நாளும் சைவம்தான். போன வருடம் திருவிழா முடிந்த கையோடு இரத்தத்தில் சீனி சோதித்தேன். வழமையைவிடக் கூடிக் கிடந்தது.

"மச்சம் தொடவேயில்லை டொக்டர்."

"சரி, என்ன சாப்பிட்டனீங்கள்?"

சொல்லச் சொல்ல எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. குவித்த வெள்ளைச் சோறு, உருளைக்கிழங்குப் பிரட்டல், மோர்மிளகாய், அப்பளம், பாயாசம், பின்னேரம் கோயில் வீதியில் ஐஸ்கிறீம். மரக்கறி என்று பார்த்தால் ஒரு கரண்டி பயிற்றங்காய்.

மச்சம் இல்லாத சாப்பாடு வேறு, மரக்கறிச் சாப்பாடு வேறு என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. நாளுக்கு 400 கிராம் மரக்கறியும் பழமும் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உருளைக்கிழங்கு அந்தக் கணக்கில் சேராது! மருதனார்மடம் சந்தையில் மலிவாகக் கிடக்கும் பொன்னாங்காணியும் வல்லாரையும் சேரும், நாங்கள்தான் வாங்குவதில்லை.

மச்சக்காரர் சிரிக்க வேண்டாம். சொசேஜ் போன்ற பதப்படுத்திய இறைச்சி புற்றுநோயை உண்டாக்கும் என்று அதே நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் அறிவித்தது. நாளாந்தம் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் வரும் வாய்ப்பு 18 வீதம் கூடுகிறதாம். நூறில் 18 பேருக்கு வரும் என்று இதற்கு அர்த்தமில்லை, இருக்கிற சிறிய வாய்ப்பு அந்தளவால் கூடுகிறது. ஆடு, மாட்டிறைச்சியை அதற்கு ஒரு படி கீழே, 'அநேகமாக' என்ற வகுப்பில் வைத்தார்கள். பாசையூர் மீனுக்கு இந்தக் குற்றச்சாட்டு இல்லை.

சைவக்காரருக்கும் ஒரு விஷயம். பிரித்தானியாவில் 48,000 பேரை 18 வருடம் கவனித்த ஒக்ஸ்போர்ட் ஆய்வு 2019இல் வந்தது. இறைச்சி சாப்பிட்டவர்களைவிடச் சைவம் சாப்பிட்டவர்களுக்கு இதய நோய் 22 வீதம் குறைவு, பக்கவாதம் 20 வீதம் கூட.

அப்புறம் விற்றமின் பி12. அது மரக்கறியில் கிடையாது. பாலிலும் தயிரிலும் கொஞ்சம் உண்டு. எங்கள் பெரியம்மா சிறுவயதிலிருந்தே சைவம், சீனிக்குப் பல வருடமாக மெற்போமின் போடுகிறா. அந்த மாத்திரையும் நாளடைவில் பி12ஐக் குறைக்கும். கால் விறைப்பை வயசுக் கோளாறு என்றே நினைத்திருந்தா, இரத்தம் சோதித்த பிறகுதான் பி12 குறைவு என்று விளங்கியது.

இந்த இரண்டு கட்சிச் சண்டையும் அம்மம்மாவின் ஒடியல் கூழுக்குத் தெரியாது. மீனும் நண்டும் போட்ட அதே பானைக்குள் பயிற்றங்காய், பலாக்கொட்டை, கைநிறைய முருங்கையிலை.

இந்த முறை கொடிக்கு முன்பே அகத்தியிலைக்கு ஆளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். "பாயாசத்தை விடுவியளோ?" என்று மனுசி கேட்கிறா. தேரன்றைக்கு மட்டும் என்று பேரம் போய்க்கொண்டிருக்கிறது.