ஸ்டீவ் ஹான்லியின் 19 வருடங்கள்

தி ஃபால் என்ற இங்கிலாந்து ராக் குழுவைப் பற்றி யார் எழுதினாலும் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கிறார்கள். 40 வருடங்களில் 60-க்கும் மேற்பட்டவர்கள் வந்து போனார்கள், பாடகர் மார்க் இ. ஸ்மித் மட்டும் கடைசிவரை இருந்தார் என்று. தானும் யாரோ ஒருவருடைய பாட்டியும் மட்டும் மேடையில் நின்று, பாட்டி பாங்கோஸ் தட்டினாலும் அதுதான் தி ஃபால் என்று ஸ்மித் சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. அதையும் தவறாமல் சேர்த்துக்கொள்வார்கள். நானும் ஒரு காலத்தில் ரசித்துச் சொல்லியிருக்கிறேன். இப்போது அதைக் கேட்டாலே கோபம் வருகிறது. அந்தக் குழுவில் வாசித்தவர்களின் உழைப்பையெல்லாம் அந்த ஒரு வரி துடைத்துப் போட்டுவிடுகிறது.

முதலில் ஆரம்பம். 1976-ல் மான்செஸ்டரில் செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பங்க் குழு நடத்திய கச்சேரிதான் தூண்டுதல். பிரெஸ்ட்விச் பகுதியில் கவிதையும் நாவலும் படித்துக்கொண்டு, ஒருவர் வீட்டில் ஒருவர் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்த நான்கு பேர்: மார்டின் பிராமா, ஊனா பெயின்ஸ், டோனி ஃப்ரீல், அப்புறம் சால்ஃபோர்டு துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்த ஸ்மித். பிரெஞ்சு எழுத்தாளர் காம்யுவின் 'தி ஃபால்' நாவலிலிருந்து குழுவுக்குப் பெயர் எடுத்துக் கொடுத்தவர் ஃப்ரீல். அதாவது அந்தப் பெயர்கூட ஸ்மித்துடைய யோசனை இல்லை. ஃப்ரீல் 1977 முடிவதற்குள் போய்விட்டார், அடுத்த வருடம் பெயின்ஸ். ஒரே நாளில் ஒலிப்பதிவு செய்த முதல் ஆல்பம் 1979-ல் வந்த கையோடு பிராமாவும் விலகினார். அப்போது ஸ்மித்துக்கு 22 வயதுதான்.

எல்லோரும் இந்த இடத்தில் நின்று, அன்றிலிருந்து இது ஒரே மனிதரின் குழு என்று முடித்துக்கொள்கிறார்கள். ஆனால் அதே 1979-ல்தான் கிரெய்க் ஸ்கான்லன் கிட்டாருடனும் ஸ்டீவ் ஹான்லி கனத்த அடிநாதம் தரும் பேஸ் கிட்டாருடனும் உள்ளே வந்தார்கள். ஏற்கெனவே குழுவில் இருந்த மார்க் ரைலியின் நண்பர்கள். ஸ்கான்லன் 16 வருடம் இருந்தார். ஹான்லி 19 வருடம்! இன்றைக்கு உலகம் கொண்டாடும் தி ஃபால் ஆல்பங்களை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பெரும்பாலானவை இந்த இரண்டு பேரும் சேர்ந்து இருந்த காலத்தவை.

எனக்கு இந்தக் குழு முதலில் பிடிக்கவே இல்லை. வரிக்கு வரி கடைசியில் ஒரு 'அ' சேர்த்து இழுத்துத் திட்டுவது போலப் பேசும் அந்தக் குரல் என்னைத் தள்ளியே வைத்தது. ஒரு நாள் ராத்திரி ஹெட்போனில் குரலை விட்டுவிட்டு பேஸை மட்டும் பின்தொடர்ந்து கேட்டேன். அப்புறம்தான் கதவு திறந்தது. ஹான்லி ஒரு சின்ன வாசிப்பைப் பிடித்தால் ஐந்து நிமிடம், ஏழு நிமிடம் விடமாட்டார். அலங்காரம் கிடையாது. பாட்டையே அவர்தான் தூக்கிக்கொண்டு நடப்பார். அந்த நடையின் மேல் நின்றுதான் ஸ்மித்தால் அத்தனை சுதந்திரமாக உளறவும் கத்தவும் கதை சொல்லவும் முடிந்தது. இதை எப்படிப் பக்கவாத்தியம் என்று சொல்வது?

1980-ல் ஹான்லியின் தம்பி பால், 16 வயதில் டிரம்ஸ் வாசிக்க வந்தார். வயது போதாமல் அவரால் அமெரிக்கப் பயணத்துக்குப் போக முடியவில்லை. அதனால் பழைய டிரம்மர் கார்ல் பர்ன்ஸ் திரும்ப அழைக்கப்பட்டார், வந்தவர் அப்படியே தங்கிவிட்டார். அப்படித்தான் இரண்டு டிரம்மர்கள் சேர்ந்தார்கள். 1982-ல் வந்த 'ஹெக்ஸ் எண்டக்‌ஷன் அவர்' ஆல்பத்தின் இடிமுழக்கம் அந்த இருவருடையது. ஒரு பகுதியை ஐஸ்லாந்திலும் மற்றதை இங்கிலாந்தில் மூடிக் கிடந்த ஒரு சினிமா தியேட்டரிலும் பதிவு செய்தார்கள்.

1983-ல் ரைலியை வெளியேற்றினார் ஸ்மித். அதே வருடம் ஸ்மித்தின் மனைவி பிரிக்ஸ், அமெரிக்காவிலிருந்து வந்தவர், கிட்டாருடன் சேர்ந்தார். நினைவில் நிற்கும் மெட்டுகள் குழுவுக்குள் வந்தது அவரால்தான். ஆனால் பல கட்டுரைகளில் இன்றும் அவர் வெறும் 'முன்னாள் மனைவி'. இது அநியாயம்.

சரி, ஸ்மித்தின் பங்கு? நான் அதைக் குறைக்கவில்லை. அந்தச் சொற்களை வேறு யாராலும் எழுதியிருக்க முடியாது. இசை தெரிந்தவர்களின் பழக்கதோஷம் எதையும் அவர் உள்ளே விடவில்லை, அதுவும் ஒரு திறமைதான். ஆனால் வாசித்துக்கொண்டிருப்பவரின் ஆம்ப்ளிஃபயரைக் கச்சேரி நடுவில் போய்த் திருகுவதும், ஆட்களைத் திடீரென்று நீக்குவதும் மேதைமையின் அடையாளம் என்று எழுதுபவர்களோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. கூட வேலை செய்பவர்களை இப்படி நடத்தும் முதலாளியை வேறெந்தத் தொழிலிலாவது கொண்டாடுவோமா?

1995-ல் ஸ்கான்லனை நீக்கினார். 1998 ஏப்ரலில் நியூயார்க்கில் மேடையிலேயே கைகலப்பு, அதோடு ஹான்லியும் பர்ன்ஸும் கிட்டாரிஸ்ட் டாமி குரூக்ஸும் விலகினார்கள். 2006-ல் அமெரிக்கப் பயணத்தின் நடுவில் மூன்று பேர் ஒரே நேரத்தில் ஊர் திரும்பிவிட்டார்கள். உள்ளூர் கிட்டாரிஸ்ட் டிம் பிரெஸ்லியும் அவர் நண்பர்களும் வந்து பயணத்தைக் காப்பாற்றினார்கள். இவையெல்லாம் சுவாரசியமான கதைகளாகச் சுற்றிக்கொண்டே இருக்கின்றன.

யாரும் சொல்லாத கதை கடைசிப் பத்து வருடங்களுடையது. பீட் கிரீன்வே, டேவ் ஸ்பர், கீரன் மெல்லிங் மூவரும் 2008 முதல் 2017 வரை வந்த ஆல்பங்கள் எல்லாவற்றிலும் இருக்கிறார்கள். 2017 நவம்பரில் கிளாஸ்கோவில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து ஸ்மித் பாடிய கடைசிக் கச்சேரியிலும் அவர்கள்தான் வாசித்தார்கள். 2018 ஜனவரி 24 அன்று, 60 வயதில் அவர் இறந்தார்.

1978 முதல் 2004 வரை பிபிசி வானொலியில் தன் நிகழ்ச்சிக்காக 24 முறை இந்தக் குழுவைப் பதிவு செய்தவர் ஜான் பீல். இவர்கள் எப்போதும் வேறாக இருக்கிறார்கள், எப்போதும் அதேபோல இருக்கிறார்கள் என்றார் அவர். அந்த 'அதே' என்பதில் பாதி ஹான்லியின் விரல்கள் என்று நான் நம்புகிறேன்.

2023-ல் பிராமா, ஹான்லி சகோதரர்கள், தி ஃபாலின் இன்னொரு பழைய டிரம்மர் சைமன் வோல்ஸ்டன்கிராஃப்ட், கிரீன்வே ஐந்து பேரும் 'ஹவுஸ் ஆஃப் ஆல்' என்ற பெயரில் ஓர் ஆல்பம் கொண்டுவந்தார்கள். 1976-ல் ஆரம்பித்தவரும் 2017-ல் கடைசி மேடையில் நின்றவரும் ஒரே அறையில். ஸ்மித் இல்லை. ஆனாலும் முதல் பாட்டிலேயே யாருடைய குழு என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இதுவரை தி ஃபால் கேட்காதவர்கள் 'ஹெக்ஸ்' ஆல்பத்திலிருந்து ஆரம்பியுங்கள். ஹெட்போன் கட்டாயம். முதல் தடவை குரலைக் கவனிக்காதீர்கள், பேஸோடு மட்டும் போங்கள்.