ஒரே ஓர் அடிக்கோடு

மூன்றாவது முறை! இன்று காலை கணினியைத் திறந்தால், நேற்று இரவு நிரலில் ஒரு பெயருக்குப் பின்னால் நான் போட்ட அடிக்கோட்டை (_) மறுபடியும் காணவில்லை.

கட்டடத் தரவு எப்படி அமைய வேண்டும் என்று சொல்லும் வரையறையை ஸ்கீமா என்பார்கள். அதிலிருந்து நிரலைத் தானாகப் பெற்றுப்போடும் கருவியோடு குடும்பம் நடத்தியவர்களுக்கு இதற்குமேல் சொல்லத் தேவையில்லை. கட்டடத் தரவைப் பரிமாறும் பொதுத் தரமான ஐ.எப்.சி.யின் 2 எக்ஸ் 3 பதிப்பில் மட்டும் 653 உருப்படிகள். சுவர், கதவு, யன்னல், படிக்கட்டு என்று ஒவ்வொன்றுக்கும் நிரலில் கையால் ஒரு வகுப்பு (கிளாஸ்) எழுதினால் ஆயுள் போய்விடும். ஆகவே கருவி எழுதட்டும். நல்லது. வகைகள் சரியாக இருந்தால் பிழை முன்கூட்டியே பிடிபடும் என்றார்கள். அதுவும் நல்லது.

முதல் முறை இது பிடிபட்ட இரவு, பத்து மணி. மட்டக்களப்புக் கல்லடியில் வாவிக் காற்றும் நின்றுவிட்டது, நுளம்பு மட்டும் கடமை தவறவில்லை. நிரலைக் கணினி மொழிக்கு மாற்றும் கம்பைலரை ஓட்டினேன். பிழை, பிழை, பிழை. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பெயர் இல்லையாம். கதவு வகுப்பைப் பார்த்தேன், கதவில் குற்றமில்லை. படிக்கட்டைப் பார்த்தேன், அதுவும் உத்தமம். கூரைவரை ஏறிப் பார்த்துவிட்டேன். ஒன்றரை மணிக்குத்தான் ஆள் அகப்பட்டான். தோற்றப் பாங்கு எதுவுமில்லை என்று சொல்வதற்கென்றே ஸ்கீமாவில் ஒரு வகை இருக்கிறது. அதற்கு ஒரே ஒரு பெறுமதி. அதன் பெயர் 'நல்' (NULL).

தமிழில் 'நல்' என்றால் எவ்வளவு நல்ல சொல்! நாங்கள் நிரல் எழுதும் சி பிளஸ் பிளஸ் மொழியில் அது எதையும் சுட்டாத வெற்றுச் சுட்டிக்கு ஏற்கெனவே எழுதிக் கொடுக்கப்பட்ட காணி. பெரிய எழுத்தில் அதைக் கண்டதும், கம்பைலருக்கு முன்னால் ஓடும் முன்செயலி அழித்துவிட்டுத் தன் பொருளை நட்டுவிடும். அதன் பிறகு கம்பைலர் பெயரைத் தேடி ஒப்பாரி வைக்கும். அந்தக் கோப்பை உள்ளே இழுத்துக்கொள்ளும் அத்தனை கோப்பிலும் அதே ஒப்பாரி.

மருந்து, பெயருக்குப் பின்னால் ஓர் அடிக்கோடு. அன்று போட்டேன். நேற்று இரவு மூன்றாவது முறையாகவும் போட்டேன். ஓடியது. படுத்தேன்.

இன்று காலையில் பார்த்தால், கூட வேலை செய்யும் தம்பி கருவியை மறுபடி ஓட்டியிருக்கிறான். ஓட்டினால் அது கோப்பை முதலிலிருந்து எழுதிவிடும். ஏனடா என்றால், "ஸ்கீமாவில் ஒன்றும் மாறவில்லை அண்ணா, சும்மா ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன்" என்கிறான். சும்மா! ஒன்றும் மாறவில்லையென்றால் எதற்காக ஓட்டுகிறாய்? ஓடுகிறதா என்று பார்க்கவா? ஓடியது ராசா, என் அடிக்கோட்டின் மேலேயே ஓடியது.

கோப்பின் தலையில் "தானாக உருவானது, கையால் திருத்த வேண்டாம்" என்று எழுதியிருப்பது எனக்கும் தெரியும். திருத்த வேண்டியது கருவியைத்தான் என்பதும் தெரியும். அந்தக் கருவி கொழும்பிலிருக்கும் ஒரு பெரியவரின் செல்லப்பிள்ளை. இரண்டு மாதத்துக்கு முன் மனுப் போட்டேன். "முன்னுரிமை குறைவு" என்று பதில் வந்தது. ஓர் அடிக்கோடு ஐயா! அரைப் பரப்புக் காணியா கேட்டேன்?

நாலாவது முறையும் போட்டுவிட்டுக் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தேன். நேற்று வாங்கி வைத்த எருமைத் தயிர்ச் சட்டியில் ஆடையை முழுக்க வழித்துத் தின்றுவிட்டு, தண்ணீரை எனக்கு விட்டிருக்கிறார்கள். மருமகனைக் கேட்டால் சிரிக்கிறான். "சும்மா ஒரு கரண்டி, மாமா." எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கித்துள் பாணி வேறு வாங்கி வைத்திருந்தேன், மூடிகூடத் திறக்கவில்லை.