குழந்தைகள் யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்?

2025 ஆகஸ்டில் 'கூலி' வந்தபோது அதற்கு 'ஏ' சான்றிதழ். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போன குடும்பங்களை மல்டிபிளெக்ஸ் வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். தயாரிப்பு நிறுவனம் 'யு/ஏ' கேட்டு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது, மனு தள்ளுபடி ஆனது. அந்த நாட்களில் எங்கள் பெற்றோர் வாட்ஸப் குழுவில் ஒரே கொதிப்பு. "ரஜினி படத்துக்கே குழந்தைங்களக் கூட்டிட்டுப் போக முடியலைன்னா வேற எந்தப் படத்துக்குத்தான் போறது?" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள்.

எனக்கு அதில் குழப்பமே இல்லை. 'ஏ' கொடுத்தது சரி, வாசலில் நிறுத்தியதும் சரி. இரவுக் காட்சிக்கு மூன்று வயதுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து, வெட்டுக் காட்சியில் அதன் கண்ணைப் பொத்தி, சத்தத்துக்குக் காதையும் பொத்த இன்னொரு ஜோடிக் கை இல்லாமல் தவிக்கிற பெற்றோரை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தக் குழந்தை அங்கே இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

ஆனால் இந்தச் சண்டை முழுக்க ரத்தத்தைப் பற்றியே நடக்கிறது. என் கவலை வேறு இடத்தில். வெட்டு குத்து வந்தால் நம் கை தானாக ரிமோட்டைத் தேடும். முத்தக் காட்சி வந்தால் பிள்ளையைத் தண்ணீர் எடுத்துவர அனுப்புவோம். காமெடி வந்தால் மட்டும் வீடே நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்கிறது. "காமெடிதானே, பார்க்கட்டும்." ஒன்பது வயதுப் பையனுக்கும் எட்டாம் வகுப்புப் பெண்ணுக்கும் அம்மாவாகச் சொல்கிறேன், எனக்கு அதிகம் பயம் தருவது அந்தப் பத்து நிமிடம்தான்.

கோடை விடுமுறையில் எங்கள் குடியிருப்பின் மொட்டை மாடியில் பிள்ளைகள் வாழைப்பழ காமெடியை நடித்துக்கொண்டிருந்தார்கள். 'கரகாட்டக்காரன்' வந்தது 1989-இல். இந்தப் பிள்ளைகளின் பெற்றோரில் பலர் அப்போது பிறந்திருக்கவே மாட்டார்கள். ஆனாலும் வசனம் ஒரு எழுத்துப் பிசகாமல் வருகிறது. அந்தக் காட்சி நன்றாக எழுதப்பட்ட காட்சி, அதை மறுக்கவே மாட்டேன். இரண்டு பழம் வாங்கச் சொன்னால், ஒன்றைத் தின்றுவிட்டு, மிச்சம் இருப்பதைக் காட்டி இதுதான் அந்த இன்னொன்று என்று சாதிக்கிற அந்த தர்க்கத்துக்கு யாருக்கும் சிரிப்பு வரும். துணி காயப்போட்டுக்கொண்டே கவனித்தேன். கவுண்டமணியாக நடிப்பவன் மாறிக்கொண்டே இருந்தான். ஆளுக்கு ஒரு முறை அந்த வாய்ப்பு. செந்தில் மட்டும் மாறவில்லை. ஒரே பையன். குட்டையாக, கொஞ்சம் குண்டாக, மற்றவர்களைவிடக் கருப்பாக இருக்கிற பையன். ஒவ்வொரு முறையும் அவன் முதுகில் அடி விழுந்தது. அடி வாங்கிக்கொண்டு அவனும் சிரித்தான்.

இரவு என் மகனிடம் கேட்டேன், "ஏன்டா, நீ ஒரு தடவ செந்திலா நடிக்கலாம்ல?"

"அவன்தாம்மா அந்த மாதிரி இருக்கான்."

துளி வன்மம் கிடையாது அந்தப் பதிலில். இப்படி இருக்கிறவன் அடி வாங்குவான், அப்படி இருக்கிறவன் அடிப்பான் என்பது அவனுக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. நானோ அவன் அப்பாவோ சொல்லிக் கொடுத்ததில்லை. தலை, வயிறு, நிறம் என்று உடம்பில் ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதற்கொரு மிருகப் பெயரோ காய்கறிப் பெயரோ வைப்பதுதான் நம் காமெடியில் பாதி. அந்தப் பெயர்கள் அப்படியே வகுப்பறைக்குப் போகின்றன.

இதையெல்லாம் சான்றிதழ் தடுக்காதா என்றால், தடுக்காது. நம் ஊரில் 'யு' என்பதற்கே ஒரு தனிக் கதை உண்டு. 2006-இல் தமிழில் பெயர் வைத்த படங்களுக்குக் கேளிக்கை வரி விலக்கு வந்தது. 2011-இல் ஆட்சி மாறியதும் விதியும் மாறியது: 'யு' வாங்கினால்தான் விலக்கு. 2017-இல் ஜிஎஸ்டி வரும் வரைக்கும் இதுதான் நிலை. ஆக, அத்தனை ஆண்டுகளும் 'யு' என்பது தயாரிப்பாளருக்குப் பணம். இரண்டு வெட்டை எடு, நான்கு வசனத்தை ஊமையாக்கு, எப்படியாவது 'யு' வாங்கு என்று ஓடினார்கள். குழந்தை பார்க்கத் தகுந்ததா என்ற கேள்வி அந்த ஓட்டத்தில் எங்கே நின்றிருக்கும்? அந்தப் படங்கள்தான் இன்றைக்கும் பண்டிகை நாளில் தொலைக்காட்சியில் ஓடுகின்றன.

இப்போது 2023 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு 'யு/ஏ'வை 7+, 13+, 16+ என்று பிரித்திருக்கிறார்கள். நல்ல மாற்றம், வரவேற்கிறேன். ஆனால் அது பெற்றோருக்கான அறிவுரைதான், 'ஏ' மாதிரி வாசலில் யாரும் நிறுத்த மாட்டார்கள். அதோடு, கருப்பாக இருக்கிற பெண்ணைப் பார்த்துக் கதாநாயகன் தெறித்து ஓடும் காட்சிக்கு எந்த வயது எண்ணைப் போடுவது? ஐம்பது வயதுக்காரருக்கும் அது நல்லதில்லை.

'சிவாஜி' 2007-இல் வந்தது. பக்கத்து வீட்டுத் தமிழறிஞரின் இரண்டு மகள்களுக்கு முகத்தில் கரிய சாயம் பூசி நிறுத்தி, பார்த்ததும் சிரிக்க வேண்டும் என்று வைத்த காட்சி எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்தப் பெண்களுக்கு வைத்த பெயர் அங்கவை, சங்கவை. பாரி மகளிருக்கு மரபு தந்திருக்கிற பெயர்கள். போன மாதம் நிலவொளியில் அப்பாவும் இருந்தார், குன்றும் எங்களிடம் இருந்தது, இந்த மாத நிலவில் இரண்டும் இல்லை என்று புறநானூற்றில் அழுகிற பெண்கள். என் மகள் அந்தப் பாட்டைக் கூடத்தில் உட்கார்ந்து சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள். பாட்டைப் பாடியவர்கள் யார் என்று நான் பெயரைச் சொன்னதும், வந்திருந்த உறவினர் ஒருவர் உடனே, "ஓ, அந்த கருப்பு ரெட்டையா! வாங்க பழகலாம்!" என்று சிரித்தார். நல்ல மனிதர், பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்காமல் வீட்டுக்குள் வரமாட்டார். என் மகள் மாநிறத்துக்கும் கொஞ்சம் கூடுதல். அவள் அவரைப் பார்த்தாள், அப்புறம் தன் கையைப் பார்த்தாள், அப்புறம் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். இரண்டாயிரம் ஆண்டுப் பாட்டை அந்த ஒரு காட்சி மறைத்துக்கொண்டு நிற்கிறதே என்று எனக்கு வயிறு எரிந்தது. இன்னும் எரிகிறது.

திக்குவாய், மாறுகண், காது கேளாமை, திருநங்கைகள், மனைவியை அறைவது என்று அந்தப் பட்டியல் நீளம். மாற்றுத்திறனாளிகளை ஏளனம் செய்யும் காட்சி கூடாது என்று 1991 தணிக்கை வழிகாட்டு நெறிகளிலேயே இருக்கிறது. 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றமும் ஒரு வழக்கில் இதைப் பேசியது. மாற்றுத்திறனைப் புரிந்துகொள்ள உதவும் நகைச்சுவை வேறு, அவர்களைக் கீழே இறக்கும் நகைச்சுவை வேறு, இரண்டையும் ஒன்றாகப் பார்க்கக் கூடாது என்று தெளிவாகவே சொன்னது. எனக்கு அந்தக் கோடு ரொம்பப் பிடித்திருந்தது. நிறம், உடம்பு, சாதி, வேலை எல்லாவற்றுக்கும் அதே கோட்டைப் போட்டுப் பார்க்கலாம்.

"நாமளும் இதையெல்லாம் பார்த்துத்தான வளர்ந்தோம், கெட்டா போயிட்டோம்?" என்று கேட்பார்கள். குழுவிலும் கேட்டார்கள். இதைக் கேட்பவர் பெரும்பாலும் வகுப்பில் சிரித்தவராக இருப்பார். பட்டப்பெயர் சுமந்தவரிடம் கேட்டுப் பாருங்கள், பதில் வேறு. பள்ளி முடிந்து இருபது வருடம் கழித்தும் பழைய நண்பர்கள் கூடுகிற இடத்துக்கு வராமல் இருப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்து ஒருவராவது உண்டு. அப்புறம், நாம் பார்த்ததும் இவர்கள் பார்ப்பதும் ஒன்றில்லை. நமக்கு ஞாயிற்றுக்கிழமை மாலை தூர்தர்ஷனில் ஒரு படம், மூன்று மணி நேரக் கதைக்கு நடுவே கொஞ்சம் காமெடி. இவர்களுக்குக் கதையே இல்லாமல் அந்த அடியும் அந்தப் பெயரும் மட்டும் தனியாக வெட்டி, முப்பது விநாடித் துண்டாக, நாள் பூராவும் போனில் வருகிறது.

அதற்காக நான் எதையும் பூட்டி வைக்கவில்லை. பூட்டினால் பக்கத்து வீட்டில் பார்ப்பார்கள். சேர்ந்து உட்கார்ந்து பார்க்கிறோம், சிரித்து முடித்ததும், இப்ப யாரைப் பார்த்துச் சிரிச்சோம் என்று கேட்கிறேன். அவ்வளவுதான். முதலில் முனகினார்கள். இப்போது நான் வாயைத் திறப்பதற்குள் பையனே சொல்லிவிடுகிறான்.

சிரிப்பே வேண்டாம் என்று யாராவது என்னைப் புரிந்துகொண்டால் வருத்தப்படுவேன். 1964-இல் வந்த 'காதலிக்க நேரமில்லை'யில் நாகேஷ் பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்லும் காட்சியை எங்கள் வீட்டில் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டோம். அதில் யாருடைய உடம்பும் கேலி ஆகவில்லை. வேலைவெட்டி இல்லாமல் படம் எடுக்கத் துடிக்கிற மகன் சும்மா வாயாலேயே கதவையும் காற்றையும் காலடிச் சத்தத்தையும் உண்டாக்குகிறான். எஸ்டேட் முதலாளி அப்பா உட்கார்ந்த இடத்திலேயே வெலவெலத்துப் போகிறார். பணமும் அதிகாரமும் உள்ளவர் நடுங்குகிறார், அதனால் சிரிக்கிறோம். சாப்ளினின் 'தி கிட்' 1921-இல் வந்த மௌனப் படம். சிறுவன் கல்லெறிந்து கண்ணாடியை உடைப்பதும், பின்னாலேயே சாப்ளின் கண்ணாடி மாட்டித் தருகிறவராக வருவதும், போலீஸ்காரர் முறைப்பதும் பார்த்து என் மகன் தரையில் உருண்டான். அதே சிறுவனைப் பிடுங்கி வண்டியில் ஏற்றும்போது உருண்டவன் எழுந்து உட்கார்ந்து என் புடவையைப் பிடித்துக்கொண்டான். நூறு வருடத்துக்கு முந்தைய படம், பேச்சே இல்லை. 'காக்கா முட்டை' 2015-இல் வந்து சிறந்த சிறார் படத்துக்கான தேசிய விருதோடு நம் ஊர்த் தியேட்டரில் ஓடியதே. குப்பத்துப் பிள்ளைகள் இருவர், படம் பூராவும் சிரிக்கவைக்கிறார்கள், ஆனால் ஒரு இடத்தில்கூட அவர்களின் வறுமையைப் பார்த்து நம்மைச் சிரிக்கச் சொல்லவில்லை. பீட்சா கடை வாசலில் அந்த அறை விழும்போது என் இரண்டு பிள்ளைகளும் ஒரே நேரத்தில் "ஐயோ" என்றார்கள். எங்கள் மாடியில் விழுந்த அடியும் இதுவும் ஒன்றுதான் என்று நான் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. "அம்மா, அவனுக்கும் வலிக்கும்ல?" என்று மாடிப் பையனின் பெயரைச் சொல்லி என் மகனே கேட்டான்.

அரசுப் பள்ளிகளில் 2022-இலிருந்து மாதம் ஒரு சிறார் படம் போட்டு, முடிந்ததும் பிள்ளைகளையே அதைப் பற்றிப் பேச வைக்கிறார்கள். எவ்வளவு நல்ல காரியம். தனியார் பள்ளிகளில் ஆயிரக்கணக்கில் கட்டணம் கட்டுகிற நாம் இதை ஏன் கேட்டு வாங்குவதில்லை?

இது ஆண்டு விழா சீசன். பல பள்ளிகளில் நகைச்சுவை நாடகம் என்ற பெயரில் சினிமா காமெடியை அப்படியே மேடையேற்றுவார்கள். ஆசிரியர்களுக்கும், ஒத்திகைக்கு உதவப் போகிற பெற்றோருக்கும் என் வேண்டுகோள்: எந்தக் காட்சி என்று முடிவு செய்யும்போது, அதில் அடி வாங்குகிற வேடத்துக்கு எந்தப் பிள்ளையின் பெயர் முதலில் உங்கள் வாயில் வருகிறது என்று பாருங்கள். ஏன் அந்தப் பெயர் வந்தது என்றும் யோசியுங்கள். அந்தப் பிள்ளைக்குக் கதை சொல்லும் நாகேஷ் வேடத்தைக் கொடுங்கள்.