டேப்லெட் வாங்கப் போகிறவர்கள் கையோடு ஒரு ஸ்கேலையும் கொண்டு போங்கள்

தங்கை டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிறாள். பாடக்குறிப்பு, பழைய வினாத்தாள், மாதாந்திர நடப்பு நிகழ்வுகள் எல்லாம் பிடிஎஃப்தான். எல்லாமே ஏ4 அளவு. இவ்வளவு நாள் அதையெல்லாம் போனில் விரலால் பெரிதாக்கி, இடமும் வலமும் தள்ளித் தள்ளிப் படித்தாள். எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்தால் கட்டுப்படியாகாது. அதனால் போன மாதம் அவளுக்கு ஒரு டேப்லெட் வாங்கினோம்.

வாங்கும் முன் மூன்று வாரம் ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்தேன். அதில் இரண்டு வாரம் வீண். பிராசசர் எது, கேமரா எத்தனை மெகாபிக்சல், 90 ஹெர்ட்ஸா 120 ஹெர்ட்ஸா என்றே தேடிக்கொண்டிருந்தேன். படிக்கிற பெண்ணுக்கு அதில் பாதி தேவையே இல்லை. ஒரு ஏ4 பக்கம் இந்தத் திரையில் எத்தனை சென்டிமீட்டர் அகலத்துக்குத் தெரியும்? முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி இதுதான்.

பெட்டியில் 11 அங்குலம் என்று போட்டிருப்பது மூலைக்கு மூலை அளவு. திரை எந்த வடிவம் என்று அது சொல்லாது. ஏ4 தாள் 21 செ.மீ. அகலம், 29.7 செ.மீ. நீளம். அகலத்தைப் போல நீளம் 1.41 மடங்கு. ஆண்ட்ராய்டு டேப்லெட்டுகளில் நிறைய 16:10 வடிவம், அதாவது 1.6 மடங்கு. படம் பார்க்க அருமையான வடிவம். ஆனால் நிமிர்த்திப் பிடித்தால் ஒல்லியாக இருக்கும். ஏ4 பக்கம் அகலத்தில் முட்டி நிற்க, மேலும் கீழும் இடம் சும்மா கிடக்கும்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். கேலக்ஸி டேப் ஏ9 பிளஸ், ரெட்மி பேட் எஸ்இ இரண்டுமே 11 அங்குலம், 1920×1200. ஏ4 பக்கம் அதில் 14.8 செ.மீ. அகலத்துக்கு வரும். ஏ4 தாளை நடுவில் மடித்தால் கிடைக்கிற அளவு. பத்தாம் தலைமுறை ஐபேட் 10.9 அங்குலம்தான். பெட்டியில் எண் சிறியது, ஆனால் பக்கம் 15.8 செ.மீ. வருகிறது. ஒன்பிளஸ் பேட் கோ 11.35 அங்குலம், 7:5 வடிவம், அதாவது 1.4. ஏறக்குறைய ஏ4 தாளின் வடிவமே. அதில் 16.6 செ.மீ.

ஒன்றே முக்கால் சென்டிமீட்டரில் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்கலாம். தமிழ் படிக்கிறவர்களுக்கு இருக்கிறது. தாளில் 11 பாயிண்ட் அளவில் அச்சான எழுத்து 16:10 திரையில் எட்டு பாயிண்டுக்கும் கீழே போய்விடும். 7:5 திரையில் எட்டே முக்காலுக்குப் பக்கத்தில் நிற்கும். ண, ன சுழி, மெய்யெழுத்தின் மேல் புள்ளி, கி, கீ மேல்வளைவு எல்லாம் இந்த இடத்தில்தான் கலங்க ஆரம்பிக்கும். பிக்சல் நெருக்கமும் சேர்ந்துகொள்கிறது. முதல் இரண்டிலும் அங்குலத்துக்கு 206 பிக்சல், மற்ற இரண்டிலும் 260ஐ ஒட்டி. நாள் முழுக்க உட்கார்ந்து படிக்கிறவள் கண்ணுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

கணக்கோடு விடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கடலூரிலிருந்து பஸ் ஏறிப் புதுச்சேரி போனோம். நேரு வீதிப் பக்கம் கடை கடையாக ஏறி இறங்கினோம். காட்சிக்கு வைத்திருக்கும் டேப்லெட்டில் ஓடுகிற வீடியோ எதில் பார்த்தாலும் பளபளவென்றுதான் இருக்கும். அதை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. தங்கை தன் போனிலிருந்து ஒரு வினாத்தாளை அதற்கு அனுப்பித் திறந்து, மடியில் வைத்து, பெரிதாக்காமல் பத்து கேள்வி படித்துப் பார்த்தாள். நான் ஸ்கேல் வைத்து அளந்தேன். ஒரு கடைக்காரத் தம்பி, "அண்ணா, இப்படி யாரும் பார்த்ததில்லை" என்று சொல்லிவிட்டு அடுத்த மாடலையும் அவராகவே எடுத்து வந்து காட்டினார். இரண்டாவது கடையிலேயே எது என்று தங்கைக்குத் தெரிந்துவிட்டது. அந்த 7:5 திரைதான்.

ஐபேட் நல்ல பொருள், மறுக்கவில்லை. ஆனால் மெமரி கார்டு போட அதில் இடமே கிடையாது, பேனாவும் தனியாக வாங்க வேண்டும். ஸ்கேன் செய்த புத்தகங்களாகச் சேர்த்து வைக்கிற வீட்டுக்கு கார்டு வேண்டும்.

அதற்காக எல்லோரும் நாங்கள் வாங்கியதையே வாங்குங்கள் என்று சொல்ல மாட்டேன். லாஸ்பேட்டையில் இருக்கும் சித்தி மகன் இன்ஜினியரிங் படிக்கிறான். அவனுக்குப் படிப்பதைவிட எழுதுவதும் வரைவதும்தான் அதிகம். கேலக்ஸி டேப் எஸ்9 எஃப்இ வாங்கச் சொன்னேன். பேனா பெட்டியிலேயே வருகிறது, தண்ணீர் புகாத ஐபி68 தரமும் உண்டு. திரை 16:10தான், அவன் வேலைக்கு அது இடைஞ்சல் இல்லை. அப்பாவின் பழைய டெம்மி அளவு (ஏ4ஐவிடச் சிறிய புத்தக அளவு) தமிழ்ப் புத்தகங்களும் அப்படித்தான். பக்கமே ஒல்லி என்பதால் 11 அங்குலத்தில் எந்த வடிவமானாலும் நன்றாகத் தெரிகின்றன. 8 அங்குலத் திரையில்தான் உரையும் அடிக்குறிப்பும் பொடியாகிவிடுகின்றன.

விலையை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். ஊரடங்கு சமயத்தில் வீட்டுக்கு ஒரு மலிவு டேப்லெட் வாங்கினோம். 2 ஜிபி ரேம், வாங்கிய பிறகு ஆண்ட்ராய்டு அப்டேட் ஒன்றுகூட வரவில்லை. ஒன்றரை வருடத்தில் பாட வீடியோ ஓடும்போதே உறைந்து நிற்க ஆரம்பித்தது. அந்தப் பணம் போனது இன்னும் மனசுக்குள் இருக்கிறது. எத்தனை வருடம் அப்டேட் தருவார்கள் என்று கேட்டு வாங்குங்கள்.

சிம் போடுகிற மாடல் எங்களுக்குத் தேவைப்படவில்லை, போனின் ஹாட்ஸ்பாட் போதும். பேட்டரியைப் பற்றி நம் பக்கத்துக்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2011 'தானே' புயல், 2024 'ஃபெஞ்சல்' புயல் இரண்டையும் பார்த்தவர்கள் நாம். ஒன்று மட்டும்: 10,000 எம்ஏஹெச் பவர் பேங்க் 8,000 எம்ஏஹெச் டேப்லெட்டை முழுசாக நிரப்பாது. மின்னழுத்தம் மாறும்போதே கணிசமாகக் குறைந்துவிடும். புயல் காலத்துக்கு என்றால் 20,000 வாங்குங்கள்.

இப்போது ஒரே பிரச்சினை, மொட்டை மாடியில் படிக்கும்போது வெளிச்சம் திரையில் பட்டுக் கண் கூசுகிறது. பளபளப்பில்லாத மேட் ஸ்க்ரீன் புரொடெக்டர் ஒட்டலாமா என்று யோசிக்கிறோம். ஒட்டியவர்கள் இருந்தால் தமிழ் எழுத்து மங்குகிறதா இல்லையா என்று கமெண்ட்டில் சொல்லுங்கள்.